பனி அடைத்த வீடு

அந்த ஊரில் எல்லோர் வாயிலும் புழங்கிய ஒரு பேச்சு சைமி லம்பினனுக்கு மட்டும் வாய்க்காமலே இருந்தது. சுப்பீரியர் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கீவினா மேட்டில், நவம்பர் பிறந்தால் ஏப்ரல் முடியும்வரை கூட்டுறவுக் கடையின் காபி மேசையில் யாராவது ஒருவர் அதைச் சொல்லிக்கொண்டிருப்பார். "எங்கள பனி அடைச்சிருச்சு." சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும். போன வாரம் கல்யாண விருந்துக்குப் போய்வந்தவர்கள் மாதிரி முகத்தில் ஒரு களை இருக்கும்.

கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்த வெர்னாதான் அந்தப் பேச்சுக்குக் காவல். தகுதியில்லாத யாரும் அதைச் சொல்லிவிட முடியாது. கார் பள்ளத்தில் இறங்கி அரைநாள் காத்துக் கிடந்தவன் வந்து சொன்னால், அது மாட்டிக்கிட்டது, அடைச்சது இல்ல என்று திருத்துவாள். அடைப்பென்றால் நீ ஒரு கூரைக்குக் கீழே இருக்க வேண்டும், வெளியே போகிற வழி இல்லாமல் போயிருக்க வேண்டும், தபால்காரன்கூட உன்னிடம் வந்து சேர்ந்திருக்கக் கூடாது. பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருத்தி, இந்த வாரம் பரீட்சைத் தாள் என்னைப் பனி மாதிரி அடைத்துவிட்டது என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். வெர்னா விடவில்லை. "அது மேல விழுந்து அமுக்குறது. அது வேற பேச்சு. இதுல உன்ன யாரும் அமுக்கல. கதவ சாத்திட்டுப் போயிருது, அவ்வளவுதான்."

பனி யாரை அடைக்கும் என்பதில் மனிதருக்குக் கை இல்லை என்பதும் அவள் சட்டத்தில் அடக்கம். வேண்டுமென்று வீட்டில் உட்கார்ந்துகொண்டு பனிமேல் பழி போடுகிறவர்களை அவள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

சைமி ஒரு முறை வாயைத் திறந்தாள். போன மாசம் ஒருநாள் காலையில் எங்களையும் அடைத்துவிட்டது என்றாள். எதுவரைக்கும் என்று வெர்னா கேட்டாள். காலைச் சாப்பாடு முடியும்வரை என்று சைமி சொன்னதும் மேசையே சிரித்தது. "உனக்கென்னடி, பனி தள்ளுற வண்டியையே கட்டிக்கிட்டவ" என்றாள் வெர்னா.

அது உண்மைதான். சைமியின் கணவன் ரெய்னோ மாவட்டத்துச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டினான். அவர்கள் வீடு ஒரு மேட்டுச் சாலையின் கடைசியில் இருந்தது. அதற்கப்பால் காடு, காட்டுக்கப்பால் ஏரி. அந்த ஒரே வீட்டுக்காகப் போட்ட சாலை என்றுகூடச் சொல்லலாம். எவ்வளவு பனி கொட்டினாலும், அபூர்வமாக ஒருநாள் தவிர, சைமி எழுந்து அடுப்பைக் கிளறி ஜன்னலுக்கு வரும்போது, சாலை சீப்பால் வாரிவிட்ட மாதிரி பெரிய சாலைவரை திறந்து கிடக்கும். ரெய்னோ அதற்குள் வேறெங்கோ போயிருப்பான். அவள் நினைவுக்கு எட்டியவரை அப்படித்தான். அவன் தள்ளிவிட்டுப் போன பனியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே அவள் தனியாகக் காபி குடிப்பாள். சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு உறிஞ்சுவாள். ஊரில் யாரோ ஒருத்தி இந்த நேரம் புருஷனோடும் பிள்ளைகளோடும் போர்வைக்குள் கிடந்து, எங்கும் போக வேண்டாம் என்று சிரித்துக்கொண்டிருப்பாள் என்று நினைப்பு ஓடும்.

அந்த ஜனவரியில் ரெய்னோ விறகுக் கொட்டகைக் கூரையில் ஏறிப் பனி வாரிக்கொண்டிருந்தவன் சறுக்கி விழுந்தான். கால் உடைந்தது. முழங்கால்வரை மாவுக்கட்டு. அவன் வண்டியை டேல் என்பவனிடம் கொடுத்தார்கள். முப்பது வயசுக்காரன், சுறுசுறுப்பானவன், ரெய்னோவைத் தலைவரே என்றுதான் கூப்பிடுவான். முதல் வாரம் அவன் குறை வைக்கவில்லை. ஆனால் ரெய்னோ சமையலறை ஜன்னலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கட்டுப்போட்ட காலை விறகுப் பெட்டிமேல் நீட்டிக்கொண்டு, தொலைவில் வண்டியின் பனி தள்ளும் இரும்புத் தகடு சாலையை உரசும் சத்தத்துக்குக் காது கொடுத்தபடியே கிடந்தான். திருப்பத்தில் தகட்டைத் தூக்க மறந்துட்டான் பார் என்பான். சைமிக்கு எல்லாச் சத்தமும் ஒன்றாகத்தான் கேட்டது.

பிறகு ஏரியிலிருந்து அந்தப் பனி வந்தது. காற்று அதிகமில்லை. அவசரமே இல்லாமல், பெரிய பெரிய செதில்களாக, எங்கும் போக வேண்டிய வேலையில்லாதது போல இறங்கிக்கொண்டே இருந்தது. முதல்நாள் வேலிக் கம்பங்கள் குட்டையாகின. மறுநாள் அவற்றைக் காணோம். ரெய்னோ இரவெல்லாம் விழித்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, விடிந்தபின் நாற்காலியிலேயே வாய் திறந்தபடி தூங்கிப்போனான்.

அப்போதுதான் தொலைபேசி அடித்தது. சைமி அவன் விழித்துவிடப் போகிறான் என்று ஓடிப்போய் எடுத்தாள். டேல் பேசினான். பெரிய சாலையையே இன்னும் திறக்க முடியவில்லையாம். தலைவர் வீட்டுச் சாலையை முதலில் திறப்பதுதான் வழக்கம் என்று வண்டிக் கொட்டகையில் எல்லோரும் சொல்கிறார்களாம். இப்போதே மேட்டுக்கு வந்துவிடட்டுமா என்று கேட்டான்.

சைமி திரும்பிப் பார்த்தாள். கணவனின் தாடை மார்பில் இடித்துக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது.

"எங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்ல டேல். விறகு இருக்கு, சாப்பாடு இருக்கு. மத்தவங்கள எல்லாம் முடிச்சுட்டுக் கடைசியா வா."

"தலைவர் திட்ட மாட்டாரே அக்கா?"

"அவர் தூங்குறார்" என்றாள் சைமி.

வைத்துவிட்டு, கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். அலமாரியிலிருந்து மிட்டாய் எடுத்த பிள்ளை மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது. மத்தியானம் யாருக்கோ பேசலாம் என்று தொலைபேசியை எடுத்தபோது அதில் சத்தமே இல்லை. எங்கோ கம்பி அறுந்திருக்க வேண்டும்.

ரெய்னோ எழுந்ததும் கேட்ட முதல் கேள்வி டேல் வந்தானா என்பதுதான். இன்னும் இல்லை என்றாள். அது பொய்யில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அன்று சாயங்காலத்துக்குள் கீழ்த்தளத்து ஜன்னல்கள் மூடிக்கொண்டன. வெளிச்சம் மட்டும் பனியின் ஊடாக வந்தது. அது அவர்கள் அதுவரை பார்த்திராத வெளிச்சம், ஆழ்ந்த நீலம். மேசையும் காபிக் கெண்டியும் சுவரில் மாட்டிய மேலங்கிகளும் தண்ணீருக்கடியில் இருப்பவை போலத் தெரிந்தன. சைமி கையை நீட்டிப் பார்த்தாள். கையும் நீலமாக இருந்தது. வீட்டில் எதற்கும் நிழல் இல்லை. சத்தமும் இல்லை. அடுப்பில் விறகு விரியும்போது மட்டும், பக்கத்து அறையில் யாரோ சொடக்குப் போடுவதுபோல் கேட்டது.

முதலில் ரெய்னோவால் தாங்க முடியவில்லை. கட்டைக்கோலை ஊன்றிக்கொண்டு கதவுக்குப் போவான், திறப்பான். கதவின் அச்சு அப்படியே பதிந்த வெள்ளைச் சுவர் நிற்கும். சாத்திவிட்டு வருவான். மனத்துக்குள்ளேயே ஒவ்வொரு சாலையாக ஓட்டிப் பார்த்து, இந்நேரம் இங்கே வந்திருப்பான், இந்நேரம் அங்கே என்று முனகுவான். வெளியே பார்க்க இருந்தது மாடி ஜன்னல் ஒன்றுதான். அங்கே போய் உட்கார்ந்தான். பார்த்த இடமெல்லாம் ஒரே வெள்ளை. எது சாலை, எது வயல், எது தோட்டம் என்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லை. பல வருஷமாக ஓட்டின சாலை எங்கே இருக்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் தோள் தளர்ந்தது. கீழே இறங்கி வந்து கட்டிலில் சாய்ந்தான். சைமி போர்வையைப் போர்த்திவிட்டுப் பக்கத்திலேயே படுத்தாள்.

அதற்குப் பிறகு நாட்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. சாவி கொடுக்க மறந்த கடிகாரம் நின்றுபோயிருந்தது. வியாழன் என்றாள் அவள், வெள்ளி என்றான் அவன். பசித்தபோது சாப்பிட்டார்கள். ஏலக்காய் போட்டுச் சைமி சுட்ட நீசு ரொட்டியைக் கத்தியால் வெட்டாமல் பிய்த்துப் பிய்த்துத் தின்றார்கள். உப்பு போட்டு வைத்த மீனும் உருளைக்கிழங்கும் ஒரே பாத்திரத்தில் இருந்து சாப்பிட்டார்கள். நடுப்பகலில் தூங்கினார்கள். ரெய்னோ குளிர்காலத்தில் தூங்கி அவள் பார்த்ததே இல்லை. வேலை முடிந்து வந்து விழுவான், தொலைபேசிச் சத்தத்தில் எழுந்துபோவான், அவ்வளவுதான். இப்போது அவன் வெயிலில் படுத்த பூனைபோலத் தூங்கினான். அவள் அவன் காதோரத்து நரையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், தானும் தூங்கிப்போவாள். விழித்தால் அதே நீலம். தூங்கியது ஒரு மணிநேரமா ஒரு நாளா என்று தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை.

ஒரு தடவை விழித்ததும் ரெய்னோ தான் கண்ட கனவைச் சொன்னான். ஏரியின் அடியில் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறானாம். தகடு மேலே தூக்கியே இருக்கிறது. பனியெல்லாம் தானே விலகி வழிவிடுகிறது. எதிரே மீன்கள் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு வருகின்றன. "ஒருத்தனும் விளக்க தாழ்த்தல" என்றான் நிஜமான எரிச்சலோடு. சைமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நீராவிக் குளியல் இல்லாமல் அத்தனை நாள் இருந்ததில்லை இருவரும். சவுனாக் குடில் பின்வாசலுக்குச் சற்றுத் தள்ளித்தான் இருந்தது, ஆனால் நடுவில் கூரையளவு பனி. சைமி பனிவாரியை எடுத்துக்கொண்டு சுரங்கம் தோண்ட ஆரம்பித்தாள். ரெய்னோ வாசலில் கட்டைக்கோலில் நின்றுகொண்டு, இடப்பக்கம் வெட்டு, மேலே விடாதே, வளைத்துக் கொண்டுபோ என்று உத்தரவு போட்டான். கொஞ்சநேரம் பொறுத்தாள். "ரெய்னோ, இது என் ரோடு" என்றாள். அவன் வாயை மூடிக்கொண்டான். வெட்டின பனியை வீட்டுக்குள் கொண்டுவந்து தொட்டியில் கொட்டி உருக்கினாள். சுரங்கத்துக்குள்ளே நீலம் இன்னும் அடர்த்தியாக இருந்தது. குடிலின் கதவுப்பிடி கையில் தட்டுப்பட்டபோது, கடல் கடந்து போய் ஒரு தேசத்தைக் கண்டுபிடித்தவள்போல ஒரு கூச்சல் போட்டாள்.

அடுப்பு மூட்டிக் கல் சிவக்கும்வரை காத்திருந்து இருவரும் உள்ளே போனார்கள். மாவுக்கட்டு நனையக் கூடாது. அதனால் ரெய்னோ பலகையில் சாய்ந்துகொண்டு, கட்டுப்போட்ட காலைக் கம்பளியில் சுற்றிக் கதவிடுக்கு வழியாக உடை மாற்றும் அறைக்குள் நீட்டிவிட்டான். கால் ஒரு அறையில், ஆள் ஒரு அறையில். ஆவியெல்லாம் அந்த இடுக்கில் ஓடுகிறது என்று சைமி முணுமுணுத்தாள். ஆனாலும் சூடு எலும்புவரை இறங்கியது. அந்தச் சூட்டில்தான் அவளுக்குச் சொல்லத் தோன்றியது.

"இப்படி ஒருநாள் வேணும்னு எனக்கு ரொம்ப வருஷமா ஆசை."

"எப்படி ஒருநாள்?"

"பனி அடைச்ச நாள்."

ரெய்னோ அகப்பையில் தண்ணீர் மொண்டு கல்மேல் ஊற்றினான். ஆவி எழுந்து இருவருக்கும் நடுவில் நின்றது.

"நீதானே ரோட்ட அடைக்க விடாதன்னு சொன்ன" என்றான்.

"நானா? எப்ப?"

அவன் நிதானமாகச் சொன்னான். திருமணமான முதல் குளிர்காலம். நகரத்துத் தெருவில் வளர்ந்த பெண், மேட்டில் வந்து குடியேறி மூன்று மாசம்கூட ஆகவில்லை. அப்போது அவன் மரம் வெட்டும் வேலையில் இருந்தான். ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால் வழியில்லை. பச்சை மேலங்கியைப் போட்டுக்கொண்டு, பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று அவள் அழுதாள். என்னை இப்படி அடைத்து வைத்தால் செத்துப்போவேன் ரெய்னோ, இந்தச் சாலை ஒருநாளும் அடைக்கக் கூடாது என்றாள். அவன் கையால் வாரிக்கொண்டே போய், சாயங்காலம் இருட்டும் நேரத்துக்குப் பெரிய சாலையைத் தொட்டான். அந்த வாரமே மாவட்ட அலுவலகத்துக்குப் போய்ப் பனி தள்ளும் வண்டியில் வேலை கேட்டான்.

சைமி யோசித்துப் பார்த்தாள். பச்சை மேலங்கி நினைவிருந்தது. அதன் பித்தான்கூட நினைவிருந்தது. அழுதது இல்லை. எந்த மூலையில் தேடியும் அந்தக் காலை அவளுக்குள் இல்லை. வேறு யாரோ ஒரு சின்னப் பெண்ணின் கதையைக் கேட்பது மாதிரி இருந்தது.

அதன்பின் ஒளித்து வைக்க மனசு வரவில்லை. "டேல் போன் பண்ணினான்" என்றாள். "நீ தூங்கிட்டிருந்தப்ப. நான்தான் கடைசியா வரச் சொன்னேன்."

ரெய்னோ அவளைப் பார்த்தான். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கட்டைக்கோலை எடுத்துக்கொண்டு, சுரங்கத்துக்குள் நொண்டிக்கொண்டே போனான். கட்டைக்கோல் பனியில் குத்தும் சத்தம் தேய்ந்து மறைந்தது. சைமி கல் ஆறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்குள் வந்தபோது அவன் மாடி ஜன்னலில் இருந்தான். முதுகைப் பார்த்தாலே கோபம் தெரிந்தது.

"சொல்லியிருக்கலாம்ல" என்றான் திரும்பாமல். "ஒரு வார்த்தை. ரோடு அடைச்சா எனக்கு ஒண்ணும் இல்லன்னு. நான் எத்தனை நாள் உன்னத் தூங்க விட்டுட்டு இருட்டுல எழுந்து போயிருக்கேன் தெரியுமா."

"சொன்னதே ஞாபகம் இல்ல ரெய்னோ. மறந்துபோன ஒண்ண எப்படி வாபஸ் வாங்குறது?"

வெளியே பனி பெய்வது நின்றிருந்தது. எப்போது நின்றது என்று இருவருக்கும் தெரியாது. மேகம் ஓரிடத்தில் கிழிந்து, அந்த வெள்ளைப் பரப்பில் ஒரு துண்டு வெயில் விழுந்து மெதுவாக நகர்ந்துபோனது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது காட்டைத் தொட்டு மறைந்த பிறகு, காபி இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றாள். குடித்தார்கள். சைமியின் கால்விரல்கள் குளிர்ந்திருந்தன. அவன் கேட்காமலே அவற்றை எடுத்துத் தன் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான். அன்று வேறெதுவும் பேசவில்லை. அடுத்தநாள் எல்லாவற்றையும் பேசினார்கள். அந்த முதல் குளிர்காலத்தில் அவள் எந்தப் பெட்டியில் என்னென்ன எடுத்து வைத்தாள் என்றுகூட அவன் சொன்னான். அவனுக்கு அது அத்தனையும் நினைவிருந்தது.

டேல் ஒரு பிற்பகலில் வந்து சேர்ந்தான். முதலில் தரையில் ஒரு அதிர்வு, பிறகு தகட்டின் உரசல். ரெய்னோ தலையைச் சாய்த்துக் கேட்டான். "திருப்பத்துல தகட்ட தூக்கிட்டான்" என்றான். வெளியிலிருந்து யாரோ சமையலறை ஜன்னலின் பனியை வாரிக் கழித்தார்கள். ஒரே வீச்சில் மஞ்சள் வெயில் உள்ளே பாய்ந்தது. நீலம் போய்விட்டது. மேசைமேல் ரொட்டித் துகளும், தொட்டியில் கழுவாத பாத்திரமும், சுவரில் புகையின் கறையும் தெரிந்தன. சைமிக்குக் கண் கூசியது. கண்ணாடிக்கு அப்பால் டேல் சிவந்த மூக்கோடு கையாட்டினான்.

உள்ளே வந்தவன் முதலில் மன்னிப்புக் கேட்டான். நடுவில் வண்டியின் அச்சு முறிந்துபோய், ஆள் வந்து மாற்றிக் கொடுக்கும்வரை ஒன்றும் செய்ய முடியவில்லையாம். அக்கா கடைசியில் வரச் சொன்னார், ஆனால் இவ்வளவு கடைசியில் வர நினைக்கவில்லை தலைவரே என்றான். ரெய்னோ சைமியைப் பார்க்காமல், ஒவ்வொரு சாலையாகக் கேட்டான். எங்கே சரிந்தது, எந்தப் பக்கம் தள்ளினாய், பாலத்தருகே என்ன செய்தாய். டேல் சொல்லச் சொல்ல அவன் முகம் விளக்கேற்றின மாதிரி ஆனது. இன்னும் வீடுகள் இல்லாத ஏரிக்கரைச் சாலை ஒன்று மிச்சம் இருக்கிறது என்றான் டேல். ரெய்னோ மேலங்கியைத் தேடினான்.

"இந்தக் காலோடயா?" என்றாள் சைமி.

"நான் ஓட்டப் போறதில்ல. சும்மா பக்கத்துல உக்காந்து பாக்கப் போறேன்."

"நீ சும்மா உக்காருவியா?"

"இத்தனை நாள் உக்காந்தேன்ல."

அவனை இருவருமாகத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். கட்டுப்போட்ட கால் முன்கண்ணாடியை முட்டிக்கொண்டு நின்றது. தனக்குக் கோபம் வரும் என்று சைமி நினைத்தாள், வரவில்லை. கதவைச் சாத்துமுன் அவன் அவள் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டான். இருட்டுமுன் வந்துவிடுவேன் என்றான். வண்டி சங்கிலி குலுங்க இறங்கிப்போனது.

அவள் வீட்டுக்குள் போகவில்லை. புதிதாகத் திறந்த சாலையில் நடந்தாள். இருபக்கமும் பனிச்சுவர் தலைக்கு மேலே போயிற்று. தகடு வெட்டின இடத்தில் அடுக்கு அடுக்காகத் தெரிந்தது. ஒவ்வொரு அடுக்கும் ஒரு நாள், எது வியாழன் எது வெள்ளி என்று இப்போதும் சொல்ல முடியாது. கையுறையைக் கழற்றி, அடுக்குகளில் விரலை ஓட்டிக்கொண்டே நடந்தாள். மேலே ஒரு பட்டை வானம் மட்டும் அவளோடு வந்தது. பெரிய சாலைக்கு வந்தபோது ஒரு கார் கடந்துபோனது. உள்ளே இருந்தவர் யாரென்று தெரியவில்லை, கை தூக்கினார். அவளும் தூக்கினாள். கார் போனபின் கொஞ்சநேரம் நின்றாள். ஏரிப் பக்கமிருந்து வண்டியின் உரசல் தொலைவில் கேட்டது. முதல்முறையாக அதில் எது ஏற்றம், எது திருப்பம் என்று அவளுக்குப் பிரித்துக் கேட்டது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் மெல்லிய செதில்கள் விழ ஆரம்பித்தன.